பதினான்காம் வாரத்துப் பக்கங்கள்

"உயிர்ச் சிநேகிதிக்கு இன்னொரு சிநேகிதி வந்துட்டா, மொத சிநேகிதியோட எடம் இன்னா ஆவும்? பாதியாப் பூடுமா?"

கீரைக்கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சாமுண்டீஸ்வரி அக்கா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று புரியாமல் பொழிச்சலூர்த் தெருக்களில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நடந்த காலத்தில் அவளுக்குப் பதினான்கு வயது. அதனால் இனி அவளை அக்கா என்று எழுதாமல் சாமுண்டி என்றே எழுதுகிறேன். அந்தத் தெருவில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சாமுண்டியின் அப்பா துளசிங்கத்துக்குத் தெருக்கோடியில் கீரைத்தோட்டம் இருந்தது. ஒரு கிணறு, ஒரு பம்ப்செட்டு, முப்பது பாத்தி. அதே தெருவில், எதிர்ச்சாரியில், முஸ்தபாவின் வீடு. முஸ்தபாவுக்குப் பல்லாவரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை. அவர் மகள் ஜஹீராவும் சாமுண்டியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஜஹீராவின் பென்சிலைச் சாமுண்டி சீவுவாள். சாமுண்டியின் கணக்கை ஜஹீரா போடுவாள். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் இதில் மூன்றாவது ஆளுக்கு இடமே இருக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாரப் பத்திரிகை. ஒரு வாரம் முஸ்தபா வாங்குவார், மறுவாரம் துளசிங்கம் வாங்குவார். படிப்பது இரண்டு வீட்டுக்கும் பொது. படித்து முடித்ததும், வாங்கிய வீட்டுக்கே பத்திரிகை திரும்பிப் போகும். அந்தக் காலத்தில் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. இவர்கள் விஷயத்தில் ஒற்றைப்படை வாரம் ஜஹீராவிடமும் இரட்டைப்படை வாரம் சாமுண்டியிடமும் சேரும். கதை முடிந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே புத்தகமாக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு.

1987 டிசம்பரில் பத்திரிகையில் 'நாணல் தீவு' என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் நாவலாம். யாரோ தமிழில் சுருக்கி எழுதினார்கள். அம்மா செத்துப்போன நாளிலிருந்து வாய்பேசாமல் போன ஒரு பணக்காரப் பையன். ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரரின் மகள். யாரும் போகாத ஒரு நாணல் தீவுக்கு அந்தப் பெண் அவனைப் படகில் கூட்டிப்போகப் பார்க்கிறாள். அந்தக் காற்றும் பறவைகளும் அவனைத் தேற்றிவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை. இவ்வளவுதான் கதை. ஆனால் அந்தத் தெருவில் அதை ஜஹீரா படித்ததுபோல் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அவள் படுத்த படுக்கையாக இருந்தாள்.

தீபாவளி முடிந்த மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முட்டி வீங்கியது, பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. இருதயத்தைத் தொடுகிற காய்ச்சல் என்றார் டாக்டர். மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது, இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி. இதைக் கேட்டதும் துளசிங்கம், "என் கீரைக்கும் ஒன் ஊசிக்கும் ஒரே கெடுவு கண்ணு. நான் அறுக்கும்போது நீ குத்திக்கோ" என்று சொன்னார். ஜஹீராவின் அம்மா சித்திகா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அதில் முதல் இரண்டு மாதம், சொல்லப்போனால், சாமுண்டிக்குச் சந்தோஷமான காலம். இதைச் சொல்லும்போது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிவிட்டதும் நேராக அங்கே போவாள். அன்றைய பாடத்தைச் சொல்வாள். தோட்டத்துச் சேதி சொல்வாள்: எந்தப் பாத்தியில் விதை தெளித்தார்கள், எதில் புழு விழுந்தது, கிணற்றில் எத்தனை படி தண்ணீர் இருக்கிறது. ஜஹீரா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வேறு யாரும் அவளைப் பார்க்க வருவதில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஜஹீரா முழுக்க முழுக்கச் சாமுண்டிக்குச் சொந்தம்.

பொங்கல் சமயத்தில் ஹில்டா வந்தாள்.

ஹில்டாவின் அம்மா நர்ஸ். அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி அதே தெருவில் குடிவந்தார்கள். ஊசி போட வீட்டுக்கே வரட்டும் என்று முஸ்தபா ஏற்பாடு செய்தார். அம்மாவோடு மகளும் வந்தாள். ஹில்டாவுக்குப் பதினைந்து வயது, இங்கிலீஷ் மீடியம், சொந்தமாக லேடீஸ் சைக்கிள், எதற்கெடுத்தாலும் பெரிய சிரிப்பு. முதல் நாளே ஜஹீராவின் கட்டிலில் ஏறிச் சம்மணம்போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாமுண்டி இரண்டு மாதமாகத் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி பாதியில் டாக்டர் ஜஹீராவைப் பார்த்துவிட்டு, "இனிமே படுக்கக்கூடாது. காலையில் வெயில் படணும், காத்து படணும், கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்" என்றார். இருதயம் தப்பித்துவிட்டது. ஆனால் ஜஹீரா நடக்க மாட்டேன் என்றாள். மூன்று மாதம் "அசையாதே, அசையாதே" என்று கேட்டவள். நாலு எட்டு வைத்ததும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணுவாள். வேகமாக அடித்தால் உடனே படுத்துக்கொள்வாள். நின்றுவிடும் என்று பயம்.

இதில் ஒரு கெடுவும் இருந்தது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி முழுப்பரீட்சை. வந்து எழுதிவிட்டால் பத்தாம் வகுப்புக்கு அனுப்புவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. முஸ்தபாவின் வீட்டில் ஒரு வருஷம் போனால் படிப்பே போச்சு என்று அர்த்தம். "ஒடம்பும் சரியில்ல, வயசும் ஆவுது, போதும்" என்று சித்திகா ஏற்கெனவே சொல்ல ஆரம்பித்திருந்தாள். பரீட்சைக்குப் போக வேண்டுமென்றால் பஸ் நிறுத்தம்வரை நடக்க வேண்டும். தெருவில் எண்ணினால் பதினோரு மின்கம்பம்.

கம்பத்தை எண்ணியது ஹில்டாதான். "ஒரு நாளைக்கு ஒரு போஸ்ட். இன்னிக்கு ஃபர்ஸ்ட் போஸ்ட் தொட்டுட்டு வந்துடலாம். செத்துப்போனா நான் பொறுப்பு."

"செத்துப்போனா நீ பொறுப்பாகி என்ன பண்ணுவ?" என்றாள் ஜஹீரா.

"உன் போர்வையை நான் எடுத்துப்பேன். நல்லா இருக்கு."

ஜஹீரா சிரித்தாள். எழுந்தாள். இதையெல்லாம் சாமுண்டி கதவோரம் நின்று பார்த்தாள். 'மெல்ல நடந்து பாருடி' என்று அவள் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். அவளுக்குக் கெஞ்சத்தான் தெரிந்தது, இப்படிக் கேலிபேசத் தெரியவில்லை. 

மார்ச் பத்தாம் தேதி வியாழக்கிழமை. பதினான்காம் வாரம். துளசிங்கம் வீட்டு வாரம். சாமுண்டி கடையிலேயே நின்று அத்தியாயத்தைப் படித்தாள். பேசாத பையன் முதன்முதலாகத் தீவில் கால்வைக்கிறான். நாணலுக்குள் ஒரு நீர்க்கோழிக் குஞ்சு பழைய மீன்வலையில் சிக்கித் துடிக்கிறது. ஓடக்காரர் மகள் தூரத்தில் படகைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கைதட்டினால் கேட்காது. பையன் வாயைத் திறக்கிறான். "ஏ!" என்று ஒரு சத்தம் வருகிறது. தன் சத்தம்தான் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

சாமுண்டிக்கு அழுகை வந்துவிட்டது. பத்திரிகையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடினாள். இதை ஜஹீராவுக்குத் தான்தான் கொண்டுபோக வேண்டும், அவள் படிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டாள்.

மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜஹீரா நின்றிருந்தாள். பக்கத்தில் ஹில்டா. இருவருக்கும் மூச்சுமுட்டச் சிரிப்பு.

"சாமுண்டி!" என்று ஹில்டா கத்தினாள். "தேர்ட் போஸ்ட்! சண்டே ஒன்பதாவது போஸ்ட்டுக்கு என் சைக்கிள் கேரியர்ல கூட்டிட்டுப் போறேன். அங்க என்ன இருக்கு சொல்லு?"

ஒன்பதாவது கம்பத்தில் சாமுண்டியின் தோட்டம் இருந்தது.

"உன் தோட்டம்டி!" என்றாள் ஜஹீரா. "ஹில்டாதான் சொன்னா. பாத்தியெல்லாம் பார்க்கலாம்னு."

மூன்று மாதமாக அந்தத் தோட்டத்தை வாயாலேயே கட்டிக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தவள் சாமுண்டி. அதை இனி இன்னொருத்தி சைக்கிளில் வைத்துக் காட்டப்போகிறாள். என் தோட்டத்தை, என் சிநேகிதிக்கு, இவள்!

சாமுண்டி தன் வீட்டுக்குள் போய்ப் பத்திரிகையிலிருந்து நான்கு பக்கத்தைக் கிழித்தாள். புவியியல் நோட்டுக்குள் வைத்தாள். மாலையில் வெறும் பத்திரிகையோடு ஜஹீராவிடம் போனாள். நல்லவேளை, அல்லது கெட்டவேளை, ஹில்டா கிளம்பிவிட்டிருந்தாள்.

"கதையக் காணோமே?"

"அப்பா வெத மடிக்கக் கிழிச்சிட்டாரு. எனக்கே தெரியாது. நான் படிச்சிட்டேன், சொல்றேன் கேளு."

"ஐயோ, பைண்டு பண்ணும்போது நடுவுல ஓட்டையா இருக்குமே. சரி சொல்லு. தீவுக்குப் போயிட்டானா?"

"போய்ட்டான்." சாமுண்டி பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தாள். "போனதும் காத்து வேகமா அடிக்குது. அந்தப் பையனுக்கு..."

அப்போது தலைக்குமேல் விமானம் வந்தது. விமான நிலையத்தை ஒட்டிய ஊர், பொழிச்சலூரில் விமானம் வந்தால் பேச்சு நிற்கும். கடைக்காரர் விலை சொல்வதைப் பாதியில் நிறுத்துவார், சண்டைக்காரர்கள்கூட வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள். ஜஹீராவும் கண்ணை அகல விரித்துக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. உண்மையைச் சொல்வதென்றால் அந்த இரைச்சல் ஓய்வதற்குள் மனம் மாறியிருக்கலாம். அரை நிமிஷம் இருந்தது. சாமுண்டி அந்த அரை நிமிஷத்தையும் பொய்யைச் சரிசெய்யவே செலவழித்தாள்.

"அந்தப் பையனுக்கு?"

"நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது. அப்படியே மயக்கமாயி வுயுந்துட்டான். படகுல போட்டுத் தூக்கிகினு வர்றாங்க. டாக்டர் வந்து, யாரு இவன வெளிய கூட்டிகினு போனதுன்னு அந்தப் பொண்ணத் திட்றாரு."

ஜஹீராவின் இரண்டு விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"சண்டே வேணாம்டி" என்றாள் கடைசியில். "நீ ஹில்டாகிட்ட சொல்லிடு."

சாமுண்டி அன்றைக்கு வீட்டுக்கு நடந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதையும் அக்கா மறைக்காமல் சொன்னாள்.

துள்ளல் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஜஹீரா மூன்றாவது கம்பத்தை மறந்தாள், வாசலை மறந்தாள், கட்டிலோடு கட்டிலானாள். பின்கட்டுக்குப் போவதற்குக்கூட அம்மாவின் தோள் வேண்டியிருந்தது. ஹில்டா விட்டாளா என்றால் இல்லை. வெளியே கூட்டிப்போக முடியாததால் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். முன்பெல்லாம் அரைமணி நேரம் வந்தவள் இப்போது சாயங்காலம் முழுக்க இருந்தாள். ஜஹீராவுக்குத் தலைவாரிப் பின்னினாள். சாமுண்டிக்கோ ஜஹீராவின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஹில்டாவைத் துரத்தச் சொன்ன பொய், ஹில்டாவை உள்ளே உட்காரவைத்துச் சாமுண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டது.

"உள்ள வாம்மா, ஏன் வெளிய நிக்கிற?" என்பாள் சித்திகா.

"இல்ல பாயம்மா, மடை மாத்தணும், அப்பா கூப்புடுவாரு."

பொய் சொல்கிறவர்கள் பொதுவாக அடுத்த நாளை யோசிப்பார்கள். சாமுண்டி அடுத்த வாரத்தை யோசிக்கவில்லை. பதினைந்தாம் வாரம் ஜஹீரா வீட்டு வாரம். பதினைந்தாம் அத்தியாயத்தில் பையன் மயங்கிக் கிடக்க மாட்டானே! புதன்கிழமை சாயங்காலம், களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இது அவளுக்கு உறைத்தது. பிடுங்கிய களையைப் போட்டுவிட்டுக் கீரையைப் பிடுங்க ஆரம்பித்தாள். துளசிங்கம், "இன்னாம்மே, கண்ணு எங்க கீது?" என்று கத்தினார்.

வியாழக்கிழமை காலையில் அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். முஸ்தபா அங்கேதான் பத்திரிகை வாங்கிக்கொண்டு பல்லாவரம் பஸ் ஏறுவார். வாங்கினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சும்மா. இதக் கொண்டுபோய் அவகிட்ட குடுத்துடு. இதுலயாவது மனசு தேறட்டும்." பத்திரிகையை அவள் கையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். "ஹெட்மிஸ்ட்ரஸுக்கு லெட்டர். பரிச்சைக்கு வரமாட்டா, ஜூன்லேர்ந்தும் வரமாட்டான்னு எழுதிட்டேன். சனிக்கெழம குடுக்கணும். என்ன பண்றது, கால ஊனவே மாட்டேங்குறா."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சாமுண்டி கையில் பத்திரிகை. புத்தகப்பையில் புவியியல் நோட்டு, அதற்குள் பதினான்கு. இந்தக் கதையில் எல்லாமே அந்த நேரத்தில் அவள் கையில் இருந்தது. வழியில் நின்று பிரித்தாள். 'தன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைப் பையன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான்' என்று முதல் வரியே காட்டிக்கொடுத்தது. கிணற்றில் போட்டுவிடலாம். பஸ்ஸில் தொலைந்தது என்று சொல்லலாம். முஸ்தபா மாமா இன்னொரு பிரதி வாங்கினால்? அவர் வாங்க மாட்டார். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஆனால் ஜூன் மாதம் வரும். அந்தப் பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். ஜஹீரா வீட்டில் இருப்பாள். ஹில்டா சாயங்காலம் சைக்கிளில் போய் அவளோடு தாயம் விளையாடுவாள்.

நல்ல எண்ணத்தில்தான் மனம் மாறினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அக்கா அப்படிச் சொல்லவில்லை. ஹில்டா விளையாடுவது கண்முன் தெரிந்ததால்தான் காலை எட்டிப்போட்டாளாம். ஆனால் ஜஹீரா வீட்டு வாசலுக்கு வந்தபோது திறந்த கதவு வழியாக ஒன்றைப் பார்த்தாள். ஜஹீரா அம்மாவின் தோளில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, பாதத்தை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள். சித்திகாவின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மகளுக்குத் தெரியாமல் அழுகிற முகம். அதைப் பார்த்த பிறகு ஹில்டாவும் நினைவில் இல்லை, பெஞ்சும் நினைவில் இல்லை.

உள்ளே போகத் தைரியம் வரவில்லை. ஹில்டா பள்ளிக்கூடம் போகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாமுண்டி பதினான்கை எடுத்துப் பதினைந்துக்குள் வைத்து, பத்திரிகையை அவளிடம் நீட்டினாள்.

"இத அவகிட்ட குடு. உள்ள தனியா நாலு பக்கம் கீது. அத மொதல்ல படிக்கச் சொல்லு."

"வீடு இதோ இருக்கே. நீயே குடுக்கலாமே?"

"குடுன்னா குடேன்! ஒனக்கு இன்னா வந்துச்சு?"

ஹில்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஏன் எப்பவும் என்னைக் கடிச்சுத் திங்கிற மாதிரியே பேசுற?" என்று கேட்டாள். சாமுண்டி ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குமுன் சாமுண்டி வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தாள். துளசிங்கம் கிணற்றடியில் இருந்தார். தெருவில் ஏதோ சத்தம். நிமிர்ந்து பார்த்தாள்.

ஜஹீரா வந்துகொண்டிருந்தாள். சைக்கிளில் இல்லை. நடந்து. பின்னால் ஹில்டா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "ஏறுடி, ஏறிக்கோடி, விழுந்துடுவ" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். ஜஹீரா அவள் பக்கம் திரும்பவே இல்லை. முகம் சிவந்திருந்தது. கையில் நான்கு பக்கத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள். ஏழாவது கம்பம். எட்டாவது. ஒன்பதாவது கம்பத்தைத் தாண்டி, வரப்பில் இறங்கி, நேராக முளைக்கீரைப் பாத்தியின்மேலேயே மிதித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"விதை மடிக்கக் கிழிச்சாரா உங்கப்பா?"

"நான் இன்னாத்த கிழிச்சேன்?" என்றார் துளசிங்கம், கிணற்றடியிலிருந்து.

"நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுதா? மயங்கி விழுந்தானா? பேசினான்டி அவன்! பேசினான்! நீ என்னடி சொன்ன?" பக்கங்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எட்டு நாளா நான் செத்துடுவேன்னு படுத்திருக்கேன். அத்தா லெட்டர் எழுதிட்டாரு. ஏண்டி?"

 சாமுண்டி ஹில்டாவைக் கையால் காட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"இவளா? இவ மேல இருந்த எரிச்சலுக்கு என்னைப் படுக்கப்போட்டியா?" ஜஹீரா தன் மணிக்கட்டை நீட்டினாள். "பிடிச்சுப் பாரு. பிடிடி!"

சாமுண்டி சேற்றுக்கையால் பிடித்தாள். நாடி குதிரை ஓடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்படி அடிக்குது? நின்னுச்சா? நிக்கலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டதுபோல் இருந்தது. கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். திரும்பித் தெருவில் ஒன்பது கம்பத்தையும் பார்த்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் வாய்க்கால் தண்ணீரில் இறங்கின. கிணற்றிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் வரும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். 

"கண்ணு" என்றார் துளசிங்கம் மெதுவாக, "திட்றதுன்னா வரப்பு மேல நின்னு திட்டு. பாத்தியில வேணாம்."

ஹில்டா ஹோவென்று சிரித்தாள். ஜஹீராவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சாமுண்டியைப் பார்த்து அல்ல.

அன்றிலிருந்து ஜஹீரா தினமும் காலையில் தோட்டத்துக்கு நடந்து வந்தாள். மிதித்த பாத்தியை அவளே கொத்தி, துளசிங்கம் கொடுத்த விதையை மணலோடு கலந்து தெளித்தாள். முஸ்தபாவின் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்து வண்ணானுக்குப் போய்க் கூழாகிவிட்டது. ஜஹீரா களை பிடுங்கினாள், பூவாளியில் தண்ணீர் விட்டாள், தவளையைப் பார்த்துக் கத்தினாள். முகத்தில் நிறம் வந்தது. நாடி பார்ப்பதை எந்த நாளில் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் ஹில்டாவோடு. சாமுண்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்ணிப்பாருங்கள், இருபத்துநான்கு நாள். தன் தோட்டத்தில், தன் கண் முன்னால், தான் மடைமாற்றிவிட்ட தண்ணீரில் அவர்கள் இருவரும் காலை நனைத்துக்கொண்டு சிரிப்பதைச் சாமுண்டி பார்த்தாள். அவர்கள் போனபின் ஜஹீராவின் பாத்திக்குப் போய், அவள் விட்டுப்போன களையைப் பிடுங்குவாள். ஹில்டா பிடுங்கிய இடத்தில் மட்டும் கை வைக்க மாட்டாள். அவ்வளவு பொறாமை இன்னும் இருந்தது. பதினாறாம் வாரம் அவள் வீட்டு வாரம். பத்திரிகையை ஒரு பக்கம்கூடக் கிழிக்காமல் ஹில்டாவிடம் கொடுத்தனுப்பினாள். பதினேழு ஹில்டா வழியாகவே வந்தது. பதினெட்டு வந்தபோது ஹில்டாவுக்குப் பரீட்சை, வரவில்லை. பத்திரிகை சாமுண்டியின் பையிலேயே கிடந்தது.

ஏப்ரல் பதினொன்று. பாத்தியில் கீரை அறுப்புக்கு நின்றது. துளசிங்கம் முதல் கட்டை வாழைநாரில் கட்டிச் சித்திகாவிடம் கொடுத்தார். சாமுண்டி பஸ் நிறுத்தத்துக்கு முன்னதாகவே போய் நின்றுகொண்டாள். சீருடை போட்ட ஜஹீரா ஒவ்வொரு கம்பமாகத் தாண்டி வந்தாள். தனியாக. பதினோராவது கம்பத்தைக் கையால் ஒரு தட்டு தட்டினாள். சாமுண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றாள். தலைக்குமேல் விமானம் வந்தது. இருவரும் பேசாமலே இருந்ததால் நிறுத்துவதற்குப் பேச்சு இல்லை. இரைச்சல் ஓய்ந்தது.

"பதினெட்டு உங்க வாரம்தானே?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் ஜஹீரா. "எங்கடி?"

சாமுண்டி அவசர அவசரமாகப் பையைத் திறந்தாள்.  தொடர்கதை இருக்கும் இடத்தில் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினாள்.

"கிழிக்காத" என்றாள் ஜஹீரா. "அப்படியே குடு."

பஸ் வந்தது. ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஜஹீரா பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறினாள். இப்போது பள்ளிக்கரணையில் குடும்பம், அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஹில்டா மஸ்கட்டில் நர்ஸ். துளசிங்கத்தின் தோட்டம் பாதிக்குமேல் மனையாகிவிட்டது. கிணற்றைச் சுற்றி மிஞ்சிய இடத்தில் சாமுண்டி கீரையும் நாற்றும் வைத்து, புதிதாகக் குடிவந்த வீடுகளுக்கு விற்கிறாள். 'நாணல் தீவு' பைண்டு ஆகி, ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் பள்ளிக்கரணையில் என்று போய்வருகிறது. பதினான்காம் வாரத்தின் நான்கு பக்கம் மட்டும் கசங்கியே இருக்கும். ஒரு மூலையில் சேறு காய்ந்த தடம்.

"பதில் தெரிஞ்சுதா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

நான் யோசிப்பதற்குள் தபால்காரர் ஒரு வெளிநாட்டுக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். ஹில்டா எழுதியது. அக்கா பிரித்தாள், படிக்கவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே பக்கம் எழுதிகீறா. ஜஹீராவுக்கு எத்தினி பக்கமோ, போன் பண்ணிக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு நடந்தாள்.

படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் இந்தக் கதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அங்கே யாராவது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளாமல், முழுசாகக் கொடுங்கள்.